வாசலில் திருநெல்வேலி, மலைக்கு அப்பால் பெலிஹுல்ஓயா

என் மருமகன் பல்கலைக்கழக விருப்பத்தெரிவுகளை முதலில் ஒரு சீ.ஆர். கொப்பியில் பென்சிலால் எழுதினான். இரண்டிலிருந்து கீழே எல்லாம் நிரம்பியிருந்தன. ஒன்றாம் இலக்கத்துக்கு எதிரே மட்டும் எழுதி அழித்து, எழுதி அழித்துத் தாள் மெலிந்துபோய்ப் பின்பக்கத்து எழுத்துத் தெரியத் தொடங்கியிருந்தது. அவனுடைய தாய், என் அக்கா, அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "நீயே சொல். வாசலில் கம்பஸ் இருக்க, மலையில் போய் இவன் என்ன அளக்கப் போகிறான்?"

அளக்கத்தான் போகிறான், அதுதான் பிரச்சினை. கணிதப் பிரிவில் படித்தவன். பொறியியலுக்குப் புள்ளி போதாது என்பது முடிவு வந்த அன்றே தெரிந்துவிட்டது. எஞ்சியவை மூன்று: எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிக விஞ்ஞானம், பேராதனையில் அதே பௌதிக விஞ்ஞானம், பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் நில அளவை விஞ்ஞானம். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் பட்டியலில் இருந்தது. அது இருக்கும் பம்பைமடு வரை பஸ்ஸில் போவதென்றால் திருநெல்வேலிக்கே சைக்கிளில் போகலாமே என்று தாயும் மகனும் ஒரே குரலில் அதைத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

இந்த ஆண்டும் பல வீடுகளில் இப்படியொரு கொப்பி மேசையில் கிடக்கும். நாங்கள் அடித்துப் பேசியதை அவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

முதலில் தெரிவு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். பாதிச் சண்டை அது தெரியாததால் வருவது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நீங்கள் எழுதிய வரிசையை மேலிருந்து கீழாகப் பார்க்கும். உங்கள் இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றைச் சீராக்கிப் போடும் புள்ளி) எட்டுகிற முதல் இடத்தில் உங்களை நிறுத்திவிடும். அதற்குக் கீழே எழுதியவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எட்டாத ஒன்றை உச்சியில் எழுதியதற்காகக் கீழே உள்ள வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. ஆனால் மனம் இல்லாத ஒன்றை, வெட்டுப்புள்ளி, அதாவது போன வருடம் அங்கே கடைசியாக இடம் கிடைத்தவரின் புள்ளி, கூடியது என்ற ஒரே காரணத்துக்காக மேலே எழுதினால், அது கிடைத்துவிடும். அங்கேதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே எது கிடைக்கும் என்று சாத்திரம் பார்த்து எழுதுவதில் பயனில்லை. எல்லாம் கிடைத்தால் எதற்குப் போவாய் என்ற ஒரே கேள்விக்குத்தான் ஒன்றாம் இலக்கத்தில் பதில் எழுதவேண்டும்.

வெட்டுப்புள்ளியை எங்கள் ஊரில் தரவரிசைபோல எடுத்துக்கொள்கிறார்கள். உலகத் தரவரிசைகளில் இலங்கைப் பல்கலைக்கழகங்களைத் தேடினால் கொழும்பும் பேராதனையும் வழக்கமாக முன்னால் நிற்கும். அவற்றை யாழ்ப்பாணத்தில் யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பெரிய பயனில்லை. வெபோமெட்ரிக்ஸ் போன்றவை இணையத்தில் ஒரு பல்கலைக்கழகம் எவ்வளவு தெரிகிறது என்பதற்கும் அதன் ஆய்வுகளுக்கும் புள்ளி போடுகின்றன. முதலாம் ஆண்டு மாணவனுக்கு ஆய்வுகூடத்தில் ஒரு கருவி கைக்கு வருமா, நான்கு பேருக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்க்கவேண்டுமா என்பது அவற்றில் இல்லை. வெட்டுப்புள்ளியோ போன வருடம் எங்கே கூட்டம் கூடியது என்பதை மட்டும் சொல்கிறது. நல்லூர்த் திருவிழாவில் எந்த ஐஸ்கிரீம் கடையில் சனம் நெருக்குகிறது என்பதைப்போல. வாயில் வைத்தால்தான் உருசி தெரியும்.

ஆனாலும் அக்காவைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்டுப்புள்ளி எங்கள் ஊரில் வெறும் எண் இல்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த, பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தல் ஒரு தலைமுறையின் கதவை இழுத்துச் சாத்தியது. அப்பாவின் சகோதரர் ஒருவர் தமக்குத் தவறிய புள்ளியைச் சாகும்வரை தசமதானத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். இன்று இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. முறை மாறியது, அடிமனத்துப் பயம் மாறவில்லை. கிடைத்த புள்ளியை வீணாக்குகிறான் என்று அக்கா சொன்னபோது, அவளுக்குள் இருந்து பெரியப்பாவும் பேசினார்.

இனி இடங்களுக்கு வருவோம்.

திருநெல்வேலியை எனக்கு உள்ளங்கைபோலத் தெரியும். நான் படித்தது அங்கேதான். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில், 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாக ஆரம்பித்து, 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது. போர் நடந்த ஆண்டுகளிலும் மூடுவதும் திறப்பதுமாக அது பட்டதாரிகளை உருவாக்கிக்கொண்டே இருந்தது. விஞ்ஞான பீடத்தில் மூன்று ஆண்டில் பொதுப்பட்டம் எடுக்கலாம். நன்றாகச் செய்தால் நான்கு ஆண்டில் சிறப்புப் பட்டம். கணிதம், பௌதிகம், இரசாயனம், கணினி, புள்ளிவிபரவியல் என்று பாதைகள் பல. இன்னும் எதில் மனம் நிற்கும் என்று தெரியாத பிள்ளைக்கு இது பெரிய வசதி. படிப்பின் தரத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வீட்டில் இருக்கிறது. வீட்டிலிருந்து கம்பஸுக்குப் போகும் பிள்ளையின் நாளை நெருங்கிப் பார்த்தால் தெரியும். காலையில் அம்மம்மாவின் மருந்துச் சிட்டையோடு புறப்படுவான். பத்து மணி விரிவுரை முடிந்ததும் எரிவாயு வந்திருக்கிறதா என்று கடையில் கேட்டு வீட்டுக்குச் சொல்லவேண்டும். பின்னேரம் தங்கையை ரியூசனில் ஏற்றி இறக்கவேண்டும். ஊரில் செத்தவீடு என்றால் பந்தல்காரனைக் கூட்டிவரப் போவதும் அவன்தான், "கம்பஸில்தானே படிக்கிறாய், நேரம் இருக்கும்தானே" என்பார்கள். இரண்டாம் ஆண்டில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்குவான். கையில் காசு வரும், அது நல்லதுதான். ஆனால் இருபத்திரண்டு வயதிலும் அதே மேசை, அதே சாப்பாட்டுக் கோப்பை, அதே கடந்தகால வினாத்தாள். நான் அப்படித்தான் பட்டம் பெற்றேன். பட்டமளிப்பு விழாவுக்குப் போகும் வழியில்கூட அம்மா முருங்கைக்காய் வாங்கிவரச் சொன்னார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். பரமேஸ்வராச் சந்தியில் மாலையில் நின்று பாருங்கள். மாத்தறையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வந்த பிள்ளைகள் தேநீர்க்கடையில் அரைகுறைத் தமிழில் வடை கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய தாய்மாருக்குத் திருநெல்வேலிதான் மலைக்கு அப்பால் இருக்கிற இடம். நாங்கள் சலித்துப்போன பனங்காணியைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நயினாதீவுப் படகில் அவர்கள் போடும் கூச்சலைக் கேட்டிருக்கிறேன். ஆகவே சாகசம் என்பது ஊரில் இல்லை, பஸ் ஏறி வந்த தூரத்தில்தான் இருக்கிறது. மருமகனுக்கு இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் நானும் பஸ் ஏறவேண்டும்தானே மாமா" என்றான். எனக்கு எதிராக நானே சாட்சி சொன்னதாகப் போய்விட்டது.

பேராதனையைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் அங்கே குடிபெயர்ந்தது. ஹந்தானை மலை, மகாவலி கங்கை, பெயர், பழம்பெருமை எல்லாம் உண்டு. கண்டிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நேரே பஸ் உண்டு. பேராதனை என்று சொன்னால் கலியாண வீட்டில் யாரும் இரண்டாம் கேள்வி கேட்கமாட்டார்கள். அக்காவும் கடைசியில் அதுவரை இறங்கிவந்தாள். ஆனால் திருநெல்வேலியில் படிக்கக்கூடிய அதே பௌதிக விஞ்ஞானத்தைத்தான் அவன் அங்கேயும் படிக்கப்போகிறான். குறித்த ஒரு துறை, குறித்த ஓர் ஆய்வு என்று போகிறவனுக்கு அது சரி. என் மருமகனுக்கு அப்படி எதுவும் இல்லை. பெயருக்காகவும் குளிருக்காகவும் மட்டும் போவதென்றால் நான் உடன்படமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பெலிஹுல்ஓயாவைப் பார்க்காமல் பேசக்கூடாது என்று மூவருமாகப் போனோம். இரவு எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஏறினோம். விடியப் புறக்கோட்டையில் இறங்கி முகம் கழுவி, அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். கொழும்புவரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அங்கிருந்து இன்னும் நூற்று அறுபது அளவில். இரத்தினபுரி தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. அக்கா கண்ணை மூடிக்கொண்டு தேசிக்காயை முகர்ந்துகொண்டே வந்தாள். பம்பஹின்னச் சந்தியில் இறங்கும்போது மதியம் தாண்டிவிட்டது.

இறங்கியதும் காற்று அறைந்தது. அக்காவின் சேலைத் தலைப்பு மருமகனின் முகத்தில் சுற்றிக்கொண்டது. எதிரே செங்குத்தாக ஒரு மலைச்சுவர். அதன் உச்சியில் ஹோர்ட்டன் சமவெளி. எங்கள் ஊரில் கீரிமலைக்குப் பெயரில்தான் மலை இருக்கிறது. உயர்தரத்தில் சமவுயரக்கோடு என்று கேள்விப்பட்டதோடு சரி, அந்தக் கோடுகள் நிமிர்ந்து நின்றால் இப்படி இருக்கும் என்று அவன் அன்றுதான் கண்டான். கழுத்தை முறித்து மேலே பார்த்தபடி நின்றவன் பாதையில் வந்த முச்சக்கரவண்டியைக் கவனிக்கவில்லை, நான்தான் இழுத்தேன்.

இந்தப் பல்கலைக்கழகம் 1996 இல் இயங்கத் தொடங்கியது. சமனலவெவ நீர்மின் திட்டத்தில் வேலைசெய்தவர்களுக்காகக் கட்டிய குடியிருப்புத்தான் அதன் முதல் வளவு. அந்த அணைக்கு ஒரு கதை உண்டு. அடியில் இருந்த சுண்ணாம்புப் பாறையின் குகைகளால், 1992 இல் நீர் நிரப்பும்போதே கசியத் தொடங்கியது. நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கரும்பலகை வேண்டாம். இங்கே புவித்தகவலியலுக்கென்றே தனிப் பீடம் இருக்கிறது: ஒரு பக்கம் நில அளவையும் புவிமேற்பரப்பு அளவையியலும், மறுபக்கம் தொலையுணர்வும் புவியியல் தகவல் முறைமையும். நான்கு ஆண்டுப் பட்டம். வகுப்பறையில் பாதி, வெயிலிலும் மழையிலும் அளவைக் கருவி நிறுத்தும் முக்காலியோடு மீதி. மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறும் என்று தேநீர்க்கடைக்காரர் சொன்னார். உப்பும் சவர்க்காரமும் கொண்டுவந்தால் போதுமாம்.

மலை காட்டி மயக்கிவிட்டார்கள் என்றுதான் அக்கா நினைத்தாள். ஆனால் திரும்பும் பஸ்ஸில் மருமகன் பேசியது மலையைப் பற்றி அல்ல, வலிகாமம் வடக்கைப் பற்றி. இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து கட்டம் கட்டமாக விடுவித்த காணிகளுக்குள் சனம் போனபோது வேலியும் இல்லை, கிணற்றுக்கட்டும் இல்லை, எல்லைப் பனையும் இல்லை. 1995 இடப்பெயர்வில் காணி உறுதிப் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். உறுதி இருந்தாலும் அதில் "வடக்கு எல்லை இன்னாருடைய காணி" என்றுதான் எழுதியிருக்கும். அந்த இன்னார் செத்து, பிள்ளைகள் கனடாவில் இருப்பார்கள். பழைய படத்தை எடுத்துவைத்து, தப்பிப் பிழைத்த ஒரு கல்லையோ மதகையோ கண்டுபிடித்து, அங்கிருந்து அளந்து எல்லையை மீட்கத் தெரிந்த ஆள் இந்த மண்ணுக்கு வேண்டும். 2002 இன் 17 ஆம் இலக்க அளவைச் சட்டத்தின்படி பதிவுபெற்ற நில அளவையாளர்தான் அந்த வேலையைச் செய்யலாம். இதையெல்லாம் அவன் எங்கேயோ தேடி வாசித்திருந்தான். அவன் கொப்பியில் அழித்து அழித்து எழுதியது விளையாட்டுக்கு அல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வேலைவாய்ப்பையும் பார்த்தோம். 2017 இல் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு முன்னால் வேலை கேட்டுப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். பொதுப்பட்டத்தோடு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பது எங்கள் ஊரில் ஒரு தனித் தொழில்போல ஆகிவிட்டது. நில அளவைக்கு 1800 இல் தொடங்கிய அரச திணைக்களம் இருக்கிறது, தனியார் வேலை இருக்கிறது, வளைகுடா இருக்கிறது. ஆனால் துறை ஒடுக்கமானது. இரண்டாம் ஆண்டில் மனம் மாறினால் ஒதுங்க இடமில்லை. திருநெல்வேலியில் பௌதிகம் கசந்தால் கணினிப் பக்கம் சாயலாம். பெலிஹுல்ஓயாவில் முக்காலி கசந்தால் முக்காலிதான்.

காசுக் கணக்கு எதிர்பார்த்த அளவுக்குப் பெரிதாக இல்லை. படிப்புக்குக் கட்டணம் எங்கும் இல்லை. மகாபொல மாதாந்தப் புலமைப்பரிசில் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகக் கூடியது. சாப்பாட்டுக்கே போதாது என்பது வேறு கதை. தூரத்துப் பிள்ளைகளுக்குப் பொதுவாக முதலாம் ஆண்டில் விடுதி கிடைக்கும். இடையில் இரண்டு ஆண்டு வெளியே அறை எடுக்க நேரலாம், அதற்குக் காசு ஒதுக்கிவைக்கவேண்டும். வீட்டில் இருந்தால் இந்தச் செலவு இல்லைத்தான். ஆனால் வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வேண்டும். அந்த விலையைக் கேட்டதும் அக்கா கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டாள்.

மொழிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. படிப்பு ஆங்கிலத்தில், அது மூன்று இடத்திலும் ஒன்றுதான். ஆனால் பம்பஹின்னவில் பாண் வாங்க, பஸ் விசாரிக்க, சுகமில்லையென்றால் வைத்தியரிடம் சொல்ல, சிங்களம் வேண்டும். முதல் மாதங்கள் ஊமையாகத்தான் கழியும். அதை இலேசாகச் சொல்லக்கூடாது. வகுப்பில் கெட்டிக்காரனாக இருந்த பிள்ளைக்குத் தேநீர்க்கடையில் மடையனாக நிற்பது பெரிய வலி. ஆனால் அரச சேவைக்குப் போனால் எப்படியும் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி காட்டவேண்டும். ஐம்பது வயதில் சான்றிதழுக்காக மனப்பாடம் செய்த சிங்களம் எனக்குத் தெரியும். அது வாயில் நிற்பதில்லை.

பகிடிவதை பற்றியும் பேசாமல் இருக்கமுடியாது. 1997 இல் பேராதனையில் தமிழ்ப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு அதைத் தடைசெய்யும் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்தபின்னும் அது ஒழிந்துவிடவில்லை. வீட்டிலிருந்து போகிற பிள்ளைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு வாசல்படி இருக்கிறது, விடுதிப் பிள்ளைக்கு இல்லை. இந்த ஓர் இடத்தில் அருகில் இருப்பதன் பக்கம் தட்டு நன்றாகத் தாழ்கிறது, அதை மறைக்க நான் தயாரில்லை. அவனுக்கு நாங்கள் சொன்னது இதுதான்: கையை நீட்டினால் அன்றிரவே சொல். படிப்பு போனால் போகட்டும், பஸ் பிடித்து வா.

அக்காவின் கடைசித் தடை தூரம். "ஒரு காய்ச்சல் என்றால் போய்ச்சேர ஒரு நாள் வேண்டும்" என்றாள். அவளுக்குத் தூரம் கிலோமீற்றரில் இல்லை. 1990களின் தொடக்கத்தில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி போரால் தரைப்பாதை அடைபட்டிருந்ததால் பேராதனைக்குப் போவதற்குக் கிளாலிக் கடல்நீரேரியில் இரவுப் படகு ஏறினாள். விளக்கு அணைத்த படகு, துப்பாக்கிச் சத்தம், ஏரி நடுவே நின்றுபோன இயந்திரம். 1993 தை மாதத்தில் அந்தக் கடலில் பயணிகள் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது அக்காவின் பெட்டி கட்டியபடியே அறையில் இருந்தது. அவளுக்கும் வெளியூரில்தான் இடம் கிடைத்திருந்தது. போகவில்லை. இதை மருமகன் அன்றுவரை அறியான். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்த் தாய்க்குத் தேநீர் போட்டுக்கொண்டுவந்தான். சீனி கூடிவிட்டது.

என் தீர்ப்பைக் கேட்டார்கள், சொன்னேன். ஒரே பட்டம் இரண்டு இடத்தில் கிடைத்தால் அருகில் உள்ளதை எடு. மலை பார்க்க விடுமுறை இருக்கிறது. வீட்டருகே இல்லாத ஒரு தொழிலைக் கற்கப் போகிறாய் என்றால் வெட்டுப்புள்ளியைப் பார்க்காதே, போ. எதில் மனம் நிற்கும் என்று தெரியாவிட்டால் திருநெல்வேலிதான் சரி. என்னைப்போல முருங்கைக்காய் வாங்கத் தயாராக இருந்தால். அன்றிரவு ஒன்றாம் இலக்கத்தில் பேனையால் நில அளவை எழுதினான். அக்கா பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிப் பார்த்தாள்.

இரண்டு போத்தல் மிளகாய்த்தூள், ஒரு பை புழுக்கொடியல், பருத்தித்துறை வடை, ஒரு கம்பளிச் சட்டை ஆகியவற்றோடு போனவன் முதல் நீண்ட விடுமுறைக்கு மெலிந்து, கறுத்து வந்தான். வந்த மறுநாளே தாத்தாவின் காணி உறுதியை எடுத்துவைத்துக்கொண்டு, நாடாவைப் பிடிக்கத் தங்கையையும் கூட்டிக்கொண்டு வளவைச் சுற்றினான். எங்களுக்கும் வடக்குப் பக்கத்து வீட்டாருக்கும் இருபது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. வேலிக் கதியாலை ஒவ்வொரு மழைக்கும் எங்கள் பக்கம் தள்ளி நட்டுவிட்டார்கள் என்பது குடும்பத்தின் அசையாத வழக்கு. பரப்பு, குழி என்ற யாழ்ப்பாணத்து நில அளவுகளைப் பேர்ச்சாக மாற்றிப் பின்னேரம்வரை தாளில் கணக்குப் போட்டான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: வேலி ஒன்றரை முழம் தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் அவர்கள் பக்கம். தள்ளியது தாத்தாவாக இருக்கவேண்டும்.

அக்கா வேலிப்பக்கம் ஒருமுறை எட்டிப்பார்த்தாள். அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்து அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள்.

"முதலாம் ஆண்டுதானே," என்றாள், "இன்னும் படிக்கவேண்டியது நிறைய இருக்கும்."